புதன்கிழமை பில் புத்தகம்

சித்தப்பா பரோட்டாக் கடை வாசலில் அந்த ஃப்ளெக்ஸைக் கட்டிய அன்று நானும் கேரள எல்லையில் இருக்கும் புளியரையில்தான் இருந்தேன். ஆறடிக்கு மூன்றடி. மஞ்சள் நிறம், நடுவில் ஆவி பறக்கும் பரோட்டா அடுக்கு, ஓரத்தில் இணையத்திலிருந்து எடுத்த, எங்கள் கடையில் ஒருநாளும் பொரித்திராத ஒரு கோழி. "புதன்தோறும் மாலை 6 மணி முதல் பில்லில் 20% தள்ளுபடி" என்று தமிழில் ஒரு வரி. அதன் கீழே அதையே மலையாளத்தில் ஒரு வரி, அதில் ஏதோ ஒரு எழுத்து தவறு. லாரியிலிருந்து இறங்கி வந்த புனலூர்க்காரர் ஒருவர் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் சொல்லவே மாட்டேன் என்றுவிட்டார்.

நான் செங்கோட்டையில் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்து கொடுப்பவன். மளிகை, சிமென்ட், மரக்கடை, ஹோட்டல் என்று சின்னச் சின்னக் கடைகள். சித்தப்பா கடைக்கும் நான்தான் கணக்கு. கூலி பரோட்டாவாக வந்து சேரும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் முன் அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அது தெரிந்துதான் கேட்கவில்லை.

"ஏலே, புதன்கிழம கடை வெறிச்சுன்னு கெடக்கு. மாஸ்டர் சம்பளம் நிக்குதா? கரண்ட் பில் நிக்குதா? ஈ ஓட்டுறதுக்கு இருபது ரூவா குறைச்சுப் போட்டா என்ன கெட்டுப்போச்சு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு எட்டு வாரமும் இரண்டு பில் புத்தகமும் ஆயின.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கத்து எல்லையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தென்காசி, செங்கோட்டை தாண்டினால் புளியரை. அதோடு தமிழ்நாடு முடிகிறது. அப்புறம் எஸ் வளைவு ஏறினால் கோட்டைவாசல், கருப்பசாமி கோயில், பிறகு ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொல்லம். ஊர் ஊராகப் பிரபலமான 'பார்டர் பரோட்டா' இந்த எல்லையைச் சேர்ந்தது இல்லை. அது பிரானூர் பார்டர், செங்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் எல்லை அங்கே இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை இந்தப் பக்கம் வர, எல்லை மலைக்கு நகர்ந்தது. பரோட்டாக் கடைகள் மட்டும் நகராமல் பழைய எல்லையின் பெயரிலேயே இன்றும் வியாபாரம் செய்கின்றன. மெல்லிசாக மொறுமொறுவென்று ஒரு பரோட்டா, வாழை இலை, சால்னா, காடை, மிளகுக் கோழி. குற்றாலத்தில் குளித்த பசியோடு வருகிறவனுக்கு அதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை.

புளியரைக் கடைகளின் பிழைப்பு வேறு மாதிரி. எங்களுக்கு அருவி கிடையாது. எங்களுக்கு இருந்தது கியூ.

2017 ஜூலை வரை இந்தச் சாலையில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் இருந்தன. இந்தப் பக்கம் புளியரை, அந்தப் பக்கம் ஆரியங்காவு. காய்கறி, முட்டை, வைக்கோல், சிமென்ட், கறிக்கோழி என்று கேரளத்துக்குப் போகிற லாரிகள் கையில் காகிதக் கட்டோடு நிற்கும். ஒரு முத்திரைக்கு ஒரு மணி நேரம் என்றால் அன்று அதிர்ஷ்டம். பாலக்காட்டுச் சாலையில் வாளையாறு இதற்குப் பேர் போனது, எங்களுடையது அதன் தம்பி. நிற்கிற டிரைவருக்குப் பசிக்கும். கிளீனருக்கு அதைவிடப் பசிக்கும். அந்தப் பக்கம் ஹர்த்தால் என்றால் கேட்கவே வேண்டாம், சாயங்காலம் ஆறு மணி வரை வண்டிகள் இந்தப் பக்கமே கிடக்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஹர்த்தால் நாளில் எங்கள் கடைத்தெரு திருவிழா மாதிரி இருந்தது. அது ஏதோ சேட்டன்மார்களின் பண்டிகை என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

லாரிக்குச் சனி ஞாயிறு என்று கிடையாது. பார்க்கப் போனால் திங்கள் முதல் வெள்ளிவரைதான் நெரிசல். ஆக அந்தக் காலத்தில் சித்தப்பா கடையில் புதன்கிழமைதான் நல்ல நாள்.

ஜிஎஸ்டி வந்தது, வணிகவரிச் சாவடிகளுக்கு வேலை போயிற்று, கியூவும் போயிற்று. போக்குவரத்து, கலால், வனத்துறை என்று மற்ற சோதனைகள் உண்டு, ஓணத்துக்கு முன் பாலைப் பரிசோதிக்க ஆரியங்காவில் ஆய்வுக்கூடம் போடுவதும் உண்டு. ஆனால் பழைய மாதிரி எல்லா வண்டியும் நின்றாக வேண்டும் என்ற நிலை இல்லை. டிரைவர் கையில் ஈ-வே பில், அதாவது சரக்கோடு போகிற மின்னணுச் சீட்டு, அதற்கு ஒரு காலக்கெடு. 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அதற்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். ஓட்டுகிறவன் ஓட்டிக்கொண்டே இருக்கிறான். நாட்டுக்கு நல்லது, டீசலுக்கும் நல்லது, எங்கள் பரோட்டாக் கல்லுக்குத்தான் ஆகவில்லை. எனக்குச் சோறு போடும் ஜிஎஸ்டி சித்தப்பா கடையிலிருந்து எடுத்துத்தான் போடுகிறது என்று அவர் கல்லாவில் உட்கார்ந்து சொல்வார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

கியூ போன பிறகு கடைக்கு மிஞ்சியது கார் கூட்டம். அது வேறு பஞ்சாங்கத்தில் ஓடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல், சீசன். ஜூலை வாக்கில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் நின்று படம் எடுக்க கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். கார்த்திகை ஒன்றிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்கள், அவர்களுக்கு எங்கள் கடையால் உபயோகம் இல்லை. அந்த இரண்டு மாதம் சித்தப்பா முன்பக்கம் இட்லி, சாம்பார் போட்டு, பின்பக்கம் கோழியை ஒளித்து வைப்பார். மற்ற நாளெல்லாம் சனி, ஞாயிறுதான். திங்களன்று கூட ஏதோ நாலு பேர் வருவார்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் சேர்ந்து ஒரு ஞாயிறு ஆகாது.

இந்த இடத்தில்தான் தள்ளுபடி யோசனை உள்ளே வருகிறது. சித்தப்பாவுக்கு அதைக் கொடுத்தது திருநெல்வேலியில் வேலை பார்க்கும் அவருடைய மருமகன். கேஎஃப்சியில் புதன்கிழமை ஆஃபர் போடுகிறான், கூட்டம் அள்ளுகிறது, நாமும் போடுவோம் என்றான். கேஎஃப்சி ஏன் புதனைப் பிடித்தது என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. நம் ஊரில் கோழி விற்கிறவன் செவ்வாயைத் தொட முடியுமா?

எங்கள் பக்கத்து வாரம் இப்படி. செவ்வாய் முருகனுக்கும் அம்மனுக்கும். பண்பொழி திருமலைக் கோயிலுக்கு ஏறுகிறவர்கள் அன்று முட்டைகூட தொட மாட்டார்கள். வெள்ளி பாதிப் பேருக்கு விரதம். மீதிப் பேருக்கு, அதாவது எங்கள் முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்கு, ஜும்மா முடிந்து வீட்டில் பிரியாணி. சனி பெருமாளுக்கும் சனீஸ்வரனுக்கும். புரட்டாசி வந்தால் மாதம் முழுவதும் சனிக்கிழமை மாதிரி. கழித்துப் பார்த்தால் கறி தின்பதற்குக் கிடைப்பது ஞாயிறும் புதனும்தான். திங்கள் அவரவர் சோமவார விரதத்தையும், வியாழன் அவரவர் குருவையும் பொறுத்தது.

அப்படியானால் புதன் கறி நாள்தானே, கடை ஏன் காலி? கறி நாள் என்பதால்தான். அன்று காலையிலேயே செங்கோட்டைக் கறிக்கடையில் தொங்கவிட்டிருப்பார்கள். அரைக் கிலோ வாங்கி வந்து வீட்டில் குழம்பு வைத்தால் ராத்திரிக்கும் ஆயிற்று, மறுநாள் காலை தோசைக்கும் ஆயிற்று. வீட்டில் குழம்பு கொதிக்கிற அன்று ஹோட்டலில் சாப்பிடலாம் என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று. ஞாயிறன்றும் இதே கதைதான், ஆனால் ஞாயிறன்று வெளியூர்க்காரன் வந்து ஈடு கட்டிவிடுகிறான். புதனன்று அவன் இல்லை. ஆக, சித்தப்பாவின் போட்டியாளர் பக்கத்துக் கடைக்காரர் இல்லை, உள்ளூர்ப் பெண்களின் குழம்புச் சட்டி. அதனோடு 20% வைத்து மோதப் பார்த்தார்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்த ஞானம். அன்று எனக்கு இருந்தது வெறும் கணக்கு. அதைச் சொல்கிறேன், கடை வைத்திருக்கிறவர்கள் பென்சில் எடுத்துக்கொள்ளலாம்.

பில் 100 ரூபாய் என்று வையுங்கள். அதில் கோழி, மைதா, எண்ணெய், கேஸ், இலை எல்லாம் 45 போகிறது. மீதி 55. இந்த 55-தான் மாஸ்டர் சம்பளம், சப்ளையர் சம்பளம், வாடகை, கரண்ட், வட்டி, அப்புறம் வீடு. 20 தள்ளினால் கையில் வருவது 80. கோழிக்காரன் நமக்குத் தள்ளுபடி தரவில்லை, எனவே 45 அப்படியே நிற்கும். மீதி 35. 55 இருந்த இடத்தில் 35. வாடிக்கையாளருக்குக் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு, நமக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். முன்பு 100 பில் போட்டுச் சம்பாதித்ததைச் சம்பாதிக்க இப்போது 157 பில் போட வேண்டும். 10% என்றால் 122 பில் போதும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பாதி விலைக்குப் போனால் பில்லுக்கு 5 ரூபாய்தான் மிஞ்சும், 1,100 பில் வேண்டும். புளியரையில் அவ்வளவு ஆள் கிடையாது.

வரியைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் மோசம். சித்தப்பா காம்போசிஷன் என்ற, சின்னக் கடைகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் இருக்கிறார், விற்றுமுதலில் 5% தன் பையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. (காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதைக் கேள்விப்பட்டு, கேஎல் வண்டிக்காரருக்குப் பரோட்டா போட்டால் குற்றமா என்று சித்தப்பா ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தார். சாப்பாடு பரிமாறுகிற இடம்தான் கணக்கு, சாப்பிடுகிறவர் எந்த மாநிலம் என்பது கணக்கில்லை என்று சொன்ன பிறகுதான் தூங்கினார்.)

இந்த 45-உம் அசையாத எண் இல்லை. கறிக்கோழி விலை பல்லடத்தில் அறிவிக்கிறார்கள், முட்டை விலை நாமக்கல்லில். கேரளத்தில் ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு தடை. மீன் வரத்து குறைந்தால் அந்தப் பக்கம் கோழிக்குக் கிராக்கி, அப்போது எங்கள் பக்கமும் விலை ஏறும். அன்றைக்கு 45 என்பது 50 ஆகும். ஃப்ளெக்ஸில் அடித்த 20 மட்டும் 20-ஆகவே இருக்கும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். பிறகு கேட்டார்: "காலி டேபிளுக்கு எவ்வளவு மிச்சம் போட்டிருக்க?"

போடவில்லை. காலி டேபிளுக்கு மிச்சம் பூஜ்யம். மாஸ்டர் வந்தாயிற்று, மாவு பிசைந்தாயிற்று, அடுப்பு எரிகிறது. இனி வருகிற ஒவ்வொரு ஆளும் 35 கொண்டுவருகிறான் என்றால் அந்த 35 லாபம்தான். விமானக் கம்பெனி கூட்டமில்லாத நாள் டிக்கெட்டை மலிவாக விற்பதும், குற்றாலம் லாட்ஜுகள் மாசி, பங்குனியில் பாதி வாடகைக்கு அறை தருவதும் இந்தக் கணக்கில்தான். எட்டாம் வகுப்போடு நின்றவர் ஒரே கேள்வியில் என் தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

ஆனால் அவர் கணக்குக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. வருகிற ஆள் புதிதாக வர வேண்டும். எப்படியும் வந்திருக்கக்கூடியவன் வந்தால் 35 லாபம் இல்லை, 20 நட்டம். சனிக்கிழமை வரவேண்டியவன் புதனுக்கு மாறி வந்தாலும் அப்படியே. யார் எந்த ரகம் என்று பில் சொல்லாது.

எட்டு வாரம் பார்த்தேன். மாசியில் தொடங்கியது. முன்பு புதன் மாலையில் 40 பில் என்றால், மூன்றாவது வாரத்திலிருந்து 60 சுற்றி வந்தது. சித்தப்பா முகத்தில் வெளிச்சம். உட்கார இடமில்லாமல் இரண்டு பேர் நின்றதை அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் என் நூறு ரூபாய்க் கணக்கை வைத்தே போட்டுப் பார்த்தேன்: 40 பில்லுக்கு 55 வீதம் 2,200. 60 பில்லுக்கு 35 வீதம் 2,100. கூட்டம் ஒன்றரை மடங்கு, மிச்சம் நூறு குறைவு. அதிலும் கூட்டத்தைச் சமாளிக்கப் போட்ட கூடுதல் ஆள் கூலியை நான் கழிக்கவில்லை. சனிக்கிழமைப் புத்தகத்தைப் பிரித்தால் அங்கே பத்துப் பன்னிரண்டு பில் காணவில்லை.

நடுவில் நோன்பு மாதம் வந்தது, பரீட்சைக் காலம் வந்தது, எனவே சனிக்கிழமை குறைந்ததற்கு ஆஃபர் மட்டும்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பில் புத்தகத்தை விட நல்ல சாட்சி ஒன்று கடையிலேயே இருந்தது. எங்கள் சப்ளையர். இருபது வருடமாக அந்தக் கடையில் தண்ணீர் வைக்கிறவர், ஒரு முகத்தை ஒருமுறை பார்த்தால் அவருக்கு அவன் ஆம்லெட்டில் வெங்காயம் வேண்டுமா வேண்டாமா என்பதுவரை நினைவிருக்கும். ஒரு புதன்கிழமை ராத்திரி கடை சாத்திய பிறகு அவரிடம் கேட்டேன், இன்றைக்கு வந்ததில் புது முகம் எத்தனை அண்ணாச்சி என்று. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "மூணு டேபிள். அதுல ஒரு டேபிள் எதிர்த்த கடைக்குப் போறவங்க." மற்றவர்கள்? "எல்லாம் நம்ம சனிக்கிழமைக்காரங்கதான். இப்பம்லாம் டிப்ஸும் வைக்க மாட்டேங்கானுவ, ஆஃபர்ல சாப்பிட்டா டிப்ஸ் கெடையாதுன்னு யாரும் சொல்லிக் குடுத்தானுவளோ என்னவோ."

டிப்ஸ் விஷயம் எனக்குத் தோன்றியிருக்காது. அதுபோல மாஸ்டர் விஷயமும். பரோட்டா வீச்சு என்பது தோள்பட்டை வேலை. ஆறரை மணியிலிருந்து எட்டரைக்குள் மொத்தக் கூட்டமும் வந்து குவிந்தால் அவர் அவசரத்தில் கல்லில் போட்டு எடுப்பார், ஓரம் வேகாது. கடைக்குப் பேர் வாங்கித் தந்த அந்த ஓரம். நாலாவது வாரம் அவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "குறைச்ச காசுக்கு நல்லாருந்தா யாரும் சொல்ல மாட்டான். நல்லா இல்லைன்னா, அதான் ஆஃபர் போட்டிருக்கானுவன்னு சொல்லுவான்." ஆறாவது வாரம் எதிர்த்த கடையில் 25% என்று ஃப்ளெக்ஸ் ஏறியது. அவர்கள் மலையாளத்தைச் சரியாக எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஊர்க் கூத்து என்று நினைக்க வேண்டாம். 2019 ஆகஸ்டில் குருகிராமில் தொடங்கி நாட்டின் பல நகரங்களில் உணவகங்கள் தள்ளுபடிச் செயலிகளிலிருந்து கூட்டமாக வெளியேறின. தேசிய உணவகச் சங்கமே முன்னின்று நடத்தியது. சொமேட்டோ கோல்டு மாதிரித் திட்டங்களில் சந்தா கட்டியவருக்கு ஒரு உணவு வாங்கினால் ஒன்று இலவசம். சந்தாப் பணம் செயலிக்குப் போகும், இலவசச் சாப்பாடு கடையின் அடுப்பிலிருந்து வரும். முதலில் சேர்ந்த சில கடைகளுக்கு அது நல்ல விளம்பரம். தெருவில் எல்லாரும் சேர்ந்த பிறகு யாருக்கும் கூட்டம் கூடவில்லை, எல்லாருக்கும் விலை மட்டும் குறைந்தது. புளியரையில் இரண்டு ஃப்ளெக்ஸில் நடந்ததும் இதுதான்.

பிரிட்டனில் 2020 ஆகஸ்டில் அரசாங்கமே ஒரு வாரநாள் தள்ளுபடி நடத்தியது. கொரோனா ஊரடங்கில் படுத்துவிட்ட உணவகங்களைத் தூக்கிவிட, திங்கள் முதல் புதன் வரை கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பாதி விலை, தலைக்கு 10 பவுண்டு வரை, மது சேராது. ஆகஸ்ட் 3 முதல் 31 வரை மொத்தம் 13 நாள். 16 கோடிக்கும் மேற்பட்ட சாப்பாடு அந்த விலையில் போயிற்று, 84 கோடி பவுண்டுக்கு மேல் கஜானாவிலிருந்து செலவாயிற்று. தொற்று பரவ அது உதவியதா என்ற சண்டை தனி. எனக்கு அதில் பிடித்த இடம் ஒன்றுதான்: மீதிப் பாதியைக் கடைக்குக் கொடுத்தது அரசாங்கம். வருகிறவன் புது ஆளா, சனிக்கிழமை ஆளா என்று கடைக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை, அவருக்கு முழு விலை வந்துவிடும். சித்தப்பாவிடம் சொன்னேன். "நம்ம மீதிய யாரு குடுப்பா, உன் ஜிஎஸ்டி ஆபீஸா?" என்றார்.

வாரநாள் தள்ளுபடியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நான் கணக்குப் பார்க்கும் இன்னொரு கடை, தென்காசிப் பக்கம் ஒரு சைவ ஹோட்டல், வாரநாள் மதியத்தில் மட்டும் அலுவலக ஆட்களுக்கு மாத டோக்கன் போட்டார்கள். மத்தளம்பாறையில் ஐடி அலுவலகம் வந்த பிறகு இந்தச் சுற்று வட்டாரத்தில் மதியம் வெளியே சாப்பிடுகிற இளவட்டங்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் சனி ஞாயிறு அந்த ஹோட்டலுக்கு வரவே மாட்டார்கள், அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். எனவே புதனுக்குக் குறைத்தால் ஞாயிறு அடிபடாது. டோக்கன் பணம் முன்னாலேயே கைக்கு வந்துவிடும். எத்தனை இலை என்று காலை பத்து மணிக்கே தெரிவதால் சோறு மிஞ்சாது. அங்கே 10% கொடுத்து நன்றாகவே ஓடுகிறது. புளியரையில் அப்படி ஒரு தனிக் கூட்டம் எங்கே இருக்கிறது?

இருந்தது. தினம் ஹார்ன் அடித்துக்கொண்டு கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

லாரிக்காரர்கள் ஆஃபருக்கு ஏன் வரவில்லை என்று நான் ஒரு டிரைவரிடம் கேட்டேன். சங்கரன்கோவில் பக்கத்து ஆள், பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி ஓட்டுகிறவர். பேட்டா காசில் சாப்பிடுகிறவருக்கு 20% பெரிய விஷயம்தானே என்றேன். அவர் கடை முன்னாடி கையைக் காட்டினார். "வண்டிய எங்க போடச் சொல்லுதீய? வளைவுல நிறுத்தினா போலீஸ்காரன் நூறு ரூவாயோடவா விடுவான்? பரோட்டாவுல பத்து ரூவா மிச்சம் பிடிச்சு நான் என்ன செய்ய?" கியூ இருந்த காலத்தில் வண்டி தானாகவே நின்றது. நிறுத்த இடம் வேண்டும் என்பதை யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கடை வாசலில் இன்று நாலு கார் நிற்கலாம், ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி நிற்க முடியாது.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. ஒன்பதாவது வாரம் ஆஃபர் நின்றது. நிறுத்துவது தொடங்குவதை விடக் கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. பழைய விலையைச் சொன்னால், விலை ஏற்றிவிட்டீர்களா என்று கேட்டார்கள், அதே விலையை எத்தனையோ வருடம் கொடுத்தவர்கள். சனிக்கிழமைக்காரர்களில் சிலர் எதிர்த்த கடையின் புதன்கிழமைக்காரர்கள் ஆனார்கள். அந்தக் கடையிலும் ஆடி பிறப்பதற்குள் ஃப்ளெக்ஸ் இறங்கிவிட்டது.

கடைக்குத் தெற்கே பாறையும் முள்ளுமாக ஒரு புறம்போக்கு மாதிரி கிடந்த இடம், உண்மையில் எங்கள் பெரியப்பா வழிச் சொத்து. பங்காளித் தகராறில் இருபது வருடமாகச் சும்மா கிடந்தது. அதைப் பேசி முடிக்கச் சித்தப்பாவுக்கு ஆனது ஒரு கிடாவும் மூன்று சாயங்காலமும். ஜேசிபி விட்டு நிரவி, குவாரிக் கழிவைக் கொட்டி, ஆறேழு லாரி நிற்கிற மாதிரி செய்தார். ஒரு சின்டெக்ஸ் தொட்டி, நாலு குழாய், துவைக்க ஒரு கல், இரண்டு விளக்கு. எட்டு வாரத் தள்ளுபடியில் அவர் விட்டதாக நான் போட்ட கணக்கை விட இதற்குப் பல மடங்கு செலவு. திரும்ப வர எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். கல்லாவைச் சாத்திவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது ராத்திரி எஸ் வளைவு ஏறும் முன் வண்டிகள் அங்கே நிற்கின்றன. சில நாள் இரண்டு, சில நாள் ஆறு. சீசனில் சனி, ஞாயிறு கார்க்காரர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு லாரிக்காரர்களோடு சண்டை வருகிறது, அது புதுத் தலைவலி. செவ்வாய் ராத்திரி புளிக்குழம்பும் அப்பளமும் தனியாக வைக்கிறார்கள். புதன் பில் இப்போது 50 பக்கம் இருக்கிறது, முழு விலைக்கு. வியாழன் இன்னும் சரியில்லை.

போன வாரம் போயிருந்தேன். குழாய்ப் பக்கம் வெயிலுக்கு மறைப்பாக நாலு கம்பு நட்டு அந்தப் பழைய ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தார்கள், எழுத்து உள்பக்கமாக. கேஎல் வண்டி ஒன்று நின்றது. சோப்பு நுரையோடு நின்ற டிரைவர் தலைக்கு மேலே பார்த்து நிதானமாக வாசித்தார், சிரித்தார், பிறகு சித்தப்பாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சேட்டா, இன்னு புதன் அல்லே? ஓஃபர் உண்டோ?"

"உண்டு, உண்டு," என்றார் சித்தப்பா. "குளிச்சாச்சா? அதான் ஆஃபர். வாங்க, பரோட்டா ஆறுது."